சனி எனக்கு, ஞாயிறு அவனுக்கு

வீட்டை விற்றுப் பாதியாக்கினார்கள்.
நாய் என்னோடு. லாரிக் கடன் அவனோடு.
நின்றபடி ஓட்டும் இந்த ஜெட் ஸ்கீயை மட்டும்
எந்த வக்கீலும் பட்டியலில் எழுதவில்லை.
எண்பத்தேழாம் வருட மாடல்,
இருவர் காசில் வாங்கியது,
ஒருவர் நிற்கத்தான் இடம்.
ஆகவே சனி எனக்கு, ஞாயிறு டெர்க்குக்கு.
நடுவில் மார்லிஸின் கராஜ்,
சாவி பெயின்ட் டப்பாவுக்குள்.

மே மாதம். மஸ்கீகன் ஏரியில் பனிக்கட்டி போய்விட்டது,
குளிர் போகவில்லை.
பட்டனை அழுத்தினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
பிறகு கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல்.
கூரையிலிருந்த நாரைகள் எழுந்து போயின.

ஒரு சீட்டு எழுதி டாங்க்கின் மேல் ஒட்டினேன்:
ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்?

அடுத்த சனி, அதன் கீழே
இடப்பக்கம் சாயும் அவன் கையெழுத்து:
ஒன்றும் செய்யவில்லை. ப்ளக்கைப் பார்.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
இரண்டு ப்ளக்கும் ஹெட்டைத் தொட்டுக் கிடக்க
நீலப்பொறி, கொழுகொழுவென்று, சொடக்குப் போடும் சத்தத்தோடு.
பொறி இருக்கிறது.
அப்படியானால் பெட்ரோல்.
பெட்ரோல் நேற்றுப் போட்டது. கம்ப்ரஷன் நூற்றைம்பது, இரண்டிலும்.
ஸ்டேட்டர்?
மீட்டர் வைத்தாயிற்று. சரியாகத்தான் இருக்கிறது.
சி.டி.ஐ. பெட்டி. பென்ச்சில் ஒன்று வைத்திருக்கிறேன்.
மாற்றினேன். அதே தும்மல்.

சீட்டுக்கு இடம் போதாமல்
பீட்சா அட்டையைக் கிழித்து ஒட்டினோம்.
பதினொரு வருடக் கல்யாணத்தில்
நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஜூன் முதல் சனி, டைமிங் லைட்டோடு வந்தேன்.
மார்லிஸ் பட்டனை அழுத்த,
நான் மூடியின் சின்னத் துளையில் கண் வைத்தேன்.
வெளிச்சம் துடிக்கத் துடிக்க
ஓடும் சக்கரம் அசையாமல் நின்றது,
ஆனால் துளைக்குள் கோடு வரவேயில்லை.
பொறி இருந்தது.
பொறிக்க வேண்டிய நேரத்தில் இல்லை.

மூடியைக் கழற்றினேன்.
காந்தங்களில் துருத்தூள், சவரம் செய்யாத தாடையாக.
ஃப்ளைவீல் நட்டுக்கு நீண்ட குழாய் மாட்டி,
காலை ஊன்றி, மூச்சை அடக்கி
இழுக்கப் போனால்
விரலுக்கே வந்துவிட்டது.

அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

இருந்தாலும் புல்லரை மாட்டினேன்,
மூன்று போல்ட்டும் சமமாக, கால் சுற்று, கால் சுற்று,
நடுத்தண்டில் சுத்தியலால் ஒரே தட்டு.
படாரென்று கழன்றது சக்கரம்.
நகத்தளவு அரைநிலாச் சாவி,
பாதி கிராங்கில், பாதி சக்கரத்தில்.

போன அக்டோபர் ஆயில் சீல் மாற்றியவள் நான்.
டார்க் ரெஞ்சு அவன் பெட்டியில் இருந்தது.
அன்று காலைதான் கத்தியிருந்தேன்,
போய்க் கேட்க வாய் வரவில்லை.
கை அளவில் இறுக்கி
போதும் என்று மூடிவிட்டேன்.

அட்டையில் எழுத மூன்று பேனா எடுத்தேன்,
மூன்றும் எழுதின.
நட்டு நான் இறுக்கியது. ரெஞ்சு வேண்டும்.

அந்த வாரம் முழுக்க வால்வுப் பசை தடவி
சக்கரத்தைக் கூம்பின் மேல் வைத்துத் தேய்த்தேன்,
இருபுறமும் திருகி, துடைத்து, மறுபடி திருகி,
உலோகம் ஒரே சாம்பல் நிறமாகும்வரை.
அப்புறம் கையை எடுத்தாலும் அது பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை பென்ச்சின் மேல் ரெஞ்சு,
எண் ஏற்கெனவே திருப்பி வைத்தபடி.
அட்டையில் ஒரே வரி:
கிளிக் என்றதும் நிறுத்து.

புதுச் சாவி, நாலு டாலர்.
கிளிக்.
இன்னும் ஒரு முறை இழுக்கத் துடித்த கையை
மற்றக் கையால் எடுத்தேன்.

முதல் அழுத்தலிலேயே பிடித்தது.
கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புகையில்
அலையொன்றில் விழுந்தேன்.
மூச்சு நின்று வந்தது.
ஆளில்லாத வண்டி உறுமியபடி
பெரிதாக ஒரு வட்டமடித்தது,
முதல் சுற்றில் கைக்கு எட்டவில்லை.

பாதி டாங்க் மிச்சம் வைத்துவிட்டு
நடுங்கும் விரலால் எழுதினேன்:
ஓடுகிறது. இடப்பக்கம் இழுக்கிறது.
அது நீ மாட்டிய கேபிள்.